குளச்சலில் பாகம் வரவில்லை, நாகையில் லேத் கிடைக்கவில்லை

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் வள்ளத்தின் பின்பலகையில் மாட்டியிருப்பது பெரும்பாலும் ஜப்பானிய அவுட்போர்டு எஞ்சின். கடலூர், நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகுகளின் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் நீண்ட தண்டு வைத்த ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். இரண்டு கரையிலும் பட்டறை வாசலில் கேட்கும் குறை ஒன்றேதான்: கொடுத்து இத்தனை நாளாச்சு, இன்னும் கைக்கு வரலை. குறை ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். மெக்கானிக் மெத்தனமானவர், வாய்தா சொல்பவர் என்று பழி முழுவதும் அவர் தலையில் விழுகிறது. இரண்டு எஞ்சின்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தாமதங்கள் இரண்டும் வேறு வேறு இடத்தில் பிறக்கின்றன என்பது தெரியும். மேற்குக் கரையில் காத்திருப்பது ஒரு பாகத்துக்காக. கிழக்குக் கரையில் காத்திருப்பது ஓர் ஆளின் கைக்காக. இது தெரியாமல் பட்டறைக்காரரோடு சண்டை போட்டு என்ன பயன்?

முதலில் அவுட்போர்டு. யமஹா, சுசுகி போன்ற பெயர்களில் வருவது. மண்ணெண்ணெயில் ஓடும் வகையானால் பெட்ரோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கடல்நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அந்த வேலையைச் செய்வது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரம், இம்பெல்லர். மணல் கலந்த தண்ணீரை இழுத்து இழுத்து அதன் இதழ்கள் தேயும். பக்கவாட்டுத் துளையிலிருந்து பீச்சியடிக்கும் தண்ணீர் மெலிந்தால் அதைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். எஞ்சினின் எடை குறைவு, வேகம் அதிகம், அலையை வெட்டிக்கொண்டு போவதற்கு ஏற்றது. ஆனால் இதன் பாகங்கள் இந்த எஞ்சினுக்கென்றே செய்யப்பட்டவை. இம்பெல்லர், பற்றவைக்கும் மின்னணுப் பெட்டி, கியர் எதற்குமே பக்கத்து ஊர் உதிரிபாகக் கடையில் மாற்று கிடையாது. இறக்குமதியாளரிடமிருந்து விநியோகஸ்தர், அவரிடமிருந்து பட்டறை என்று இறங்கி வர வேண்டும்.

டீசல் எஞ்சினின் கதை வேறு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் இருந்த இடத்தில் ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. அவற்றில் பலவற்றோடு, இத்தாலியின் லம்பார்டினி வடிவமைப்பை ஒட்டி கிரீவ்ஸ் நிறுவனம் இந்தியாவிலேயே செய்த எஞ்சினும் வந்தது. காற்றில் குளிரும் எஞ்சின் என்பதால் இம்பெல்லர் என்ற பேச்சே இல்லை. எடை அதிகம், சத்தம் அதிகம். ஆனால் இதே குடும்பத்து ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள்தான் சரக்கு ஆட்டோக்களிலும் ஓடின. அதனால் சரக்கு ஆட்டோ பட்டறையில் தொழில் படித்த பையன் படகு எஞ்சினையும் பயமில்லாமல் பிரிப்பான். ரிங், கேஸ்கட், நாசில் என்று கேட்டால் கடைத்தெருவில் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. பாகத்துக்காக நாள் கணக்கில் நிற்பது இங்கே அபூர்வம்.

அப்படியானால் நாகையில் தாமதம் ஏன்? தண்டினால்தான். கரையேறும்போது மணல்திட்டில் இடித்தால் நீண்ட தண்டு வளையும். வளைந்த தண்டோடு ஓட்டினால் புஷ் தேய்ந்து எஞ்சின் முழுவதும் உதறும். நிமிர்த்துவது லேத் வேலை. தண்டை லேத்தில் மாட்டி மெதுவாகச் சுழலவிட்டு, ஒரு சாக்பீஸை அசையாமல் பக்கத்தில் பிடிப்பார் லேத்காரர். தண்டின் மேடான பக்கத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்தில் அழுத்திவிட்டு, கோட்டைத் துடைத்து, மறுபடி சுழற்றுவார். கோடு தண்டைச் சுற்றிலும் சமமாக விழும்வரை இது நடக்கும். பார்க்கச் சின்ன வேலை. அவசரப்படுத்தினால் கெட்டுப்போகும் வேலை. இதைச் சுத்தமாகச் செய்பவர் ஒரு துறைமுகத்தைச் சுற்றி ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள்.

அந்த ஒருவரிடம் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் காலம் ஒன்று உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். தடை விசைப்படகுகளுக்கு, அதாவது இழுவை மடி வைத்திருக்கும் பெரிய படகுகளுக்கு. அவை கரையேறும் அந்த வாரமே புரொப்பல்லர் தண்டுகளும் லேலண்டு எஞ்சின்களும் பட்டறைகளுக்கு வந்து குவிகின்றன. ஆண்டு முழுவதும் தள்ளிப்போட்ட வேலையை விசைப்படகுக்காரர் அந்த இரண்டு மாதத்தில் முடித்தாக வேண்டும். ஃபைபர் படகுக்காரருக்குத் தடை இல்லை. பெரிய படகின் மீன் சந்தைக்கு வராததால் அவருடைய மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் நாட்களும் அவைதான். சரியாக அப்போது தண்டு வளைந்தால், "அண்ணே, லாஞ்சு வேலை நெறையக் கெடக்கு, நாலு நாள் பொறுத்துக்கங்க" என்று லேத்காரர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. பெரிய வேலையும் பெரிய கூலியும் வாசலில் நிற்கும்போது சின்னத் தண்டு மூலைக்குப் போகிறது.

மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு காலண்டர்: சின்னமுட்டத்தில் ஏப்ரலில் தொடங்கும், குளச்சலில் ஜூனில் தொடங்கும். நாகைக்காரருக்குத் தடைக்காலம் பெரும்பாலும் கோடையின் அமைதியான கடலில் கழிகிறது. குளச்சல்காரருக்கு அது தென்மேற்குப் பருவமழையின் நடுவில் வருகிறது. தடைக்குள் வராமல், நெத்திலியும் கணவாயும் எதிர்பார்த்து அலையை உடைத்துக்கொண்டு வெளியேறும் வள்ளங்களில் எஞ்சின் படும் பாடு மற்ற மாதங்களைவிடப் பல மடங்கு. அதே வாரங்களில் கேரளக் கரை நெடுகிலும் அதே எஞ்சின்கள் அதே போராட்டத்தில் இருக்கின்றன. எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ஒரே இம்பெல்லர், ஒரே சீல், ஒரே கியர் வேண்டும். குளச்சல் பட்டறையில் நான்கு பேர் வேலைக்கு இருந்தாலும் பாகம் வராமல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. லேத் வரிசைக்கும் இந்த வரிசைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். முன்னதில் கூடுதல் ஆள் இருந்தால் வேலை நகரும், பின்னதில் ஆளைக் கூட்டிப் பயனில்லை.

ஆகவே சமாளிக்கும் வழியும் ஒன்றாக இருக்க முடியாது. நாகைக்காரர் பங்குனியிலேயே, விசைப்படகுகள் கரையேறும் முன்பே, தண்டையும் புஷ்ஷையும் லேத்தில் காட்டிவிட வேண்டும். நேரான மாற்றுத் தண்டு ஒன்று வீட்டில் கிடந்தால் தடைக்காலம் முழுவதும் நிம்மதி. அதை வாங்குவதற்கான பணம் இரண்டு நல்ல நாள் வருமானத்துக்குள் அடங்கும் என்றால் தயங்கவே கூடாது. குளச்சல்காரர் வைகாசியிலேயே இம்பெல்லர், பிளக், சீல் இவற்றை வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். வாங்கும்போது எஞ்சினைப் படகில் பூட்டும் கவ்விப் பகுதியில் ஒட்டியுள்ள தகட்டைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போவது அவசியம். ஒரே குதிரைத்திறனில் பல வடிவங்கள் உண்டு. மாடல் எண் தவறினால் பாகம் வந்தும் பொருந்தாது, காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். தாமதங்களில் எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே, ஓர் எழுத்து மாறியதற்காக ஒரு குடும்பம் கரையில் உட்கார்ந்திருக்கும்.

அவுட்போர்டின் கியர் பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கீழே உள்ள சிறு திருகைக் கழற்றினால் கியர் ஆயில் சொட்டும். ஆயில் நிறத்திலேயே வந்தால் கவலையில்லை. பால் கலந்த தேநீர் போல வெளுத்து வந்தால் உள்ளே கடல்நீர் புகுந்துவிட்டது. பல நேரம் காரணம் புரொப்பல்லர் தண்டில் சுற்றிக்கொண்ட வலை நரம்பு. கண்ணுக்குத் தெரியாமல் அது சீலை அறுத்துவிடும். அந்த நிலையில் சீலை மட்டும் மாற்றினால் போதும், செலவும் குறைவு, பாகமும் சின்னது. அப்படியே ஓட்டினால் பேரிங்கும் கியரும் துருப்பிடிக்கும். பிறகு காத்திருப்பது முழு கியர் தொகுப்புக்காக. புரொப்பல்லரைக் கழற்றி நரம்பு பார்ப்பது, திருகைத் திறந்து ஆயில் பார்ப்பது என்ற இந்தச் சிறு வேலைக்குப் பட்டறையே வேண்டாம்.

அவுட்போர்டு கடலில் விழுந்து எடுக்கப்பட்டால் தாமதத்தின் பொருளே மாறிவிடுகிறது. டீசல் எஞ்சினும் மூழ்கினால் கெடும், உள்ளே புகுந்த நீரை வெளியேற்றாமல் கிளப்பக் கூடாது. இருந்தாலும் பிரிக்கத் தெரிந்த கை பெரும்பாலும் ஊருக்குள்ளேயே இருக்கும். அவுட்போர்டுக்கு அந்த ஆறுதல் எல்லா ஊரிலும் இல்லை. உப்பு நீர் கிராங்க் பேரிங்கில் உட்கார்ந்து காற்றும் பட்டால் சில மணி நேரத்திலேயே துரு தொடங்கும். பிளக்கைக் கழற்றி நீரை வடித்து, நல்ல தண்ணீரால் கழுவி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, அன்றைக்கே ஓடவைத்தாக வேண்டும். அதற்கு ஆள் இல்லாவிட்டால் ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி எஞ்சினை அதிலேயே மூழ்கவைத்து வைப்பது, வெயிலில் காயவிடுவதைவிட நல்லது. மெக்கானிக் மறுநாள் வந்தாலும் காப்பாற்ற ஏதாவது மிஞ்சும். காயவிட்டுப் பட்டறை மூலையில் ஒரு வாரம் கிடந்த எஞ்சினைப் பிறகு எவ்வளவு திறமையானவராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

பணத்தில் இரண்டு கரைக்கும் வேறுபாடு அதிகமில்லை. மெக்கானிக்கிடம் முதல் கிடையாது. இன்று வாங்கும் முன்பணத்தில் நேற்று வந்தவரின் பாகம் வாங்குகிறார், நேற்று வந்தவர் கூலி பாக்கி வைத்திருக்கிறார். அவுட்போர்டுக்காரருக்கு இதில் இடர் கூடுதல், ஏனென்றால் பிரித்துப் போட்ட எஞ்சினை வேறு பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பிரிக்கும் முன்பே என்ன பழுது, என்ன பாகம், அது கையிருப்பில் உண்டா என்று கேட்டுவிட வேண்டும். இல்லை என்றால் பிரிக்காமலே வைத்து, பாகத்துக்கு மட்டும் பணம் கட்டி, வந்த பிறகு பிரிக்கச் சொல்வது புத்திசாலித்தனம். முடிந்தவர்கள் வள்ளத்துக்கு இரண்டு எஞ்சின் வைத்துக்கொள்வது வேகத்துக்காக மட்டுமல்ல.

எஞ்சின் பட்டறையில் கிடக்கும் நாட்களில் உண்மையில் நஷ்டப்படுவது யார்? படகுக்காரர் மட்டும் அல்ல. பங்குக்குத் தொழில் செய்பவர்களுக்குப் படகு ஓடாத நாளில் வருமானம் சுழி. அவர்கள் வேறு படகுக்குப் போய்விட்டால், எஞ்சின் திரும்பி வந்தும் படகு கிளம்ப ஆள் இருக்காது. மீன் வாங்குபவரிடம் முன்பணம் பெற்றவருக்குக் கடன் அப்படியே நிற்கும். தடைக்காலத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது, அது 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்ந்தது நல்ல செயல். எஞ்சின் வாங்க மானியம் உண்டு, எரிபொருளுக்கும் சலுகை உண்டு. வாங்கிய எஞ்சின் நின்றுபோனால் எத்தனை நாளில் திரும்ப ஓடும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இதைக் கணக்கில் எடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, எஞ்சின் விற்பனையோடு பழுதுபார்ப்பையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. கேரளத்தின் மீனவர் கூட்டுறவு இணையமான மத்ஸ்யஃபெட் அவுட்போர்டுகளை விநியோகிப்பதோடு உதிரிபாகங்களையும் தன் கடைகள் வழியாகத் தருகிறது. பாகத்தைக் கூட்டாக வாங்கி இருப்பு வைப்பது தனி மெக்கானிக்கால் முடியாது, சங்கத்தால் முடியும். நாகைப் பக்கத்துக்கு இந்த மருந்து பொருந்தாது. அங்கே வேண்டியது சின்னப் படகுகளுக்கென்று ஒதுக்கிய ஒரு லேத், தடைக்காலத்திலும் விசைப்படகு வேலையை ஏற்காத ஒரு லேத்.

எந்த எஞ்சின் நல்லது என்று கேட்டால், பாகம் வைத்திருக்கும் கடைக்கும் உங்கள் ஊருக்கும் உள்ள தூரத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். அரை நாள் பேருந்துப் பயணத்துக்குள் இம்பெல்லரும் சீலும் கிடைக்கும் ஊரில் அவுட்போர்டு. கிடைக்காத ஊரில், சத்தத்தையும் எடையையும் பொறுத்துக்கொண்டு, டீசல். மீன் இறங்குதளங்களில் ஏலக்கூடமும் வலை பின்னும் கூடமும் கட்டும் மீன்வளத்துறை, அதே வளாகத்தில் கிழக்கே ஒரு லேத்துக்கும் மேற்கே ஒரு பாகக் கிடங்குக்கும் இடம் ஒதுக்க வேண்டும். அவற்றைச் சங்கத்தின் பொறுப்பில் விட வேண்டும். அடுத்த தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பே இது நடக்க வேண்டும்.