ஆசிரியர் ஊதியம்: ஆண்டுக்கு மதிப்பு உண்டு, படிப்புக்கு?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சேர்வராயன் மலைமீது ஏற்காடு. சுற்றுலாப் பயணிகளுக்கு அது ஏரியும் காப்பித் தோட்டங்களும் உள்ள குளிர்ந்த ஊர். பெயர்பெற்ற தனியார் உறைவிடப் பள்ளிகளும் அங்கே உண்டு. அவற்றில் ஒன்றான மாண்ட்ஃபோர்ட் பள்ளி 1917இல் தொடங்கப்பட்டது. ஆனால், மலையாளிப் பழங்குடியினர் பெருமளவில் வாழும் அந்த மலைக் கிராமங்களின் குழந்தைகள் நம்பியிருப்பவை ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும் பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளும்தான்.

இத்தகைய பள்ளியில் சேரும் ஆசிரியர் ஒருவரின் ஊதியம் எப்படி உயர்கிறது? பணியாற்றும் ஆண்டுகளுக்கு அரசு தரும் மதிப்பு என்ன, அவர் மேலும் படிப்பதற்குத் தரும் மதிப்பு என்ன? ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கையாக மட்டுமே பேசப்பட்டுவரும் இக்கேள்வி, உண்மையில் வகுப்பறையின் தரத்தோடு தொடர்புடையது.

ஆண்டுகள் தரும் உயர்வு

2017 அக்டோபரில் வெளியான ஊதியத் திருத்த ஆணையின்படி, தமிழக அரசுப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.20,600. பட்டதாரி ஆசிரியருக்கு ரூ.36,400, முதுநிலைப் பட்டதாரி ஆசிரியருக்கு ரூ.36,900. இவற்றுடன் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி முதலியவை சேரும். ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ 3% ஊதிய உயர்வு உண்டு. ஒரே பதவியில் பத்து ஆண்டுகளை நிறைவு செய்தால் தேர்வுநிலையும், இருபது ஆண்டுகளை நிறைவு செய்தால் சிறப்புநிலையும், அவற்றுக்குரிய கூடுதல் உயர்வும் கிடைக்கும்.

இந்த எண்களைச் சற்றே கூட்டிப் பார்ப்போம். ரூ.20,600இல் தொடங்கும் இடைநிலை ஆசிரியர், தேர்வுநிலைக்கான உயர்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், பட்டதாரி ஆசிரியரின் முதல் நாள் ஊதியத்தைத் தொட இருபது ஆண்டுகள் ஆகும். முதல் வகுப்புக் குழந்தைக்கு எழுத்தறிவிப்பவரின் இருபது ஆண்டு அனுபவமும், உயர்நிலை வகுப்பில் நேற்றுச் சேர்ந்தவரின் பட்டமும் ஊதியப் பட்டியலில் சமம். மறுபுறம், பட்டதாரி ஆசிரியருக்கும் முதுநிலை ஆசிரியருக்கும் தொடக்கத்தில் உள்ள வேறுபாடு வெறும் 500 ரூபாய்.

அனுபவத்தின் மதிப்பும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. 2009 மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு ரூ.8,370 என்றும், அதற்கு மறுநாள் முதல் சேர்ந்தவர்களுக்கு ரூ.5,200 என்றும் அடிப்படை ஊதியம் அமைந்தது. ஒரே தகுதி, ஒரே பணி. ஒரு நாள் இடைவெளியில் ரூ.3,170 வேறுபாடு. 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்ற முழக்கம் அங்கிருந்துதான் எழுந்தது. காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்ப, பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாக 2022இல் நியமிக்கப்பட்டவர்களுக்கோ ஆண்டு உயர்வு என்பதே இல்லை, தொகுப்பூதியம் மட்டுமே.

படிப்புக்குக் கிடைத்ததும் போனதும்

1969 முதல் தமிழக ஆசிரியர்களுக்கு ஊக்க ஊதிய உயர்வு என்றோர் ஏற்பாடு இருந்தது. பதவிக்குத் தேவையானதைவிட உயர்ந்த கல்வித் தகுதியைப் பெற்றால் இரண்டு ஆண்டு உயர்வுகளுக்கு இணையான தொகை ஊதியத்தில் நிரந்தரமாகச் சேரும். பணிக்காலத்தில் இருமுறை இதைப் பெறலாம். மலைப்பள்ளியில் பணியாற்றிக்கொண்டே அஞ்சல்வழியில் பட்டம் பெற்றவர்கள் பலருக்கு அது உந்துதலாக இருந்தது.

2020 மார்ச் 10 அன்று வெளியான அரசாணை இதை நிறுத்தியது. 2021 நவம்பரில் மாற்று ஏற்பாடு வந்தது: பட்டம் அல்லது பட்டயத்துக்கு ரூ.10,000, முதுநிலைப் பட்டத்துக்கு ரூ.20,000, முனைவர் பட்டத்துக்கு ரூ.25,000, ஒருமுறை மட்டும். ரூ.20,600 பெறுபவருக்குப் பழைய முறையில் மாதம் ரூ.1,200 கூடியிருக்கும். அகவிலைப்படியைச் சேர்க்காமலேயே பதினேழு மாதங்களில் அது இருபதாயிரத்தைத் தாண்டிவிடும். அதன்பின் ஓய்வுபெறும்வரை கிடைத்திருக்கக்கூடியது அனைத்தும் இழப்பே.

மறுதரப்பு வாதம்

பட்டங்களுக்குப் பணம் தருவதால் மாணவர் கற்றல் உயர்கிறதா என்ற கேள்வியைப் புறந்தள்ள முடியாது. ஆசிரியரின் முதுநிலைப் பட்டத்துக்கும் மாணவர் தேர்ச்சிக்கும் வலுவான தொடர்பு இல்லை என அமெரிக்கப் பொருளியலாளர் எரிக் ஹனுஷெக் நீண்டகாலமாக வாதிட்டுவருகிறார். இந்தோனேசியாவில் சான்றளிக்கப்பட்ட ஆசிரியர்களின் அடிப்படை ஊதியம் இரட்டிப்பாக்கப்பட்டது. ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது, மாணவர் கற்றல் கூடவில்லை என்று கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோரின் ஆய்வு காட்டியது. கற்பிக்கும் பாடத்தோடு தொடர்பில்லாத பட்டங்கள் நம்மிடையேயும் ஊதிய உயர்வுக்காகச் சேர்க்கப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், இதிலிருந்து பெற வேண்டிய முடிவு படிப்புக்கு மதிப்பு வேண்டாம் என்பதன்று. எந்தப் படிப்புக்கு மதிப்பு என்பதைத் தெளிவாக்க வேண்டும் என்பதே. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் வெல்ல வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக உள்ளவர்களுக்கும் பதவி உயர்வு வேண்டுமெனில் அது கட்டாயம். படிக்காவிட்டால் தண்டனை உண்டு, படித்தால் நிலையான பலன் இல்லை என்ற இடத்தில் இன்று ஆசிரியர் நிற்கிறார்.

மலைக்குத் தேவையானது

சிறிய மலைப்பள்ளியில் ஓராசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் நடத்த நேர்வது புதிதன்று. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பயிற்சி பெற்றவர் அங்கேயே தங்கவும் வேண்டும். மலைப்பகுதி ஊழியர்களுக்குப் படிகள் உண்டு. ஆனால் அவை இடத்துக்கானவை, மலையைவிட்டு இறங்கியதும் நின்றுபோகும். தங்கிக் கற்றுக்கொடுத்த ஆண்டுகளின் சுவடு ஊதியத்தில் எஞ்சுவதில்லை.

எனவே, ஊக்க ஊதிய உயர்வை முன்பிருந்தபடியே மீட்பதைவிடத் திருத்தி மீட்பது நல்லது. பல்வகுப்புக் கற்பித்தல், தொடக்கநிலை எழுத்தறிவு, சிறப்புக் கல்வி போன்ற வகுப்பறை சார்ந்த தகுதிகளுக்கு நிரந்தர உயர்வு வழங்கலாம். மலை ஒன்றியங்களில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பணியாற்றுவோருக்கு இறங்கிய பின்னும் நிலைக்கும் ஓர் உயர்வைத் தரலாம். 2009ஆம் ஆண்டுப் பிளவுக்கு முடிவு கட்டுவது இவற்றுக்கு முன்நிபந்தனை. செலவு கூடும் என்பது உண்மையே. ஆனால், ஏற்காட்டுக் குழந்தைக்கு அடுத்த பள்ளி என்ற தெரிவு பெரும்பாலும் இல்லை. கிடைக்கும் ஆசிரியர் தேர்ந்தவராகவும் நிலைத்திருப்பவராகவும் அமைவதே அக்குழந்தைக்கு உள்ள ஒரே வாய்ப்பு.