காமாட்சியின் ஊரும் கலிபோர்னியா முத்தமும்

மேல்நாட்டு ஸினிமாவைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுகிறார்கள். ஒரு கட்சிக்கு, அங்கே எல்லாமே ஆபாசம். மற்றக் கட்சிக்கு, அங்கே எல்லாமே சுதந்திரம். முன்னவர் முகத்தைச் சுளிக்கிறார். பின்னவர் பெருமூச்சு விடுகிறார். ஆனால் ஒரு விஷயத்தில் இருவருக்கும் பூரண ஒற்றுமை உண்டு. அந்த ஊர்க்காரர்கள் எப்போதும் அப்படித்தான், நாம் எப்போதும் இப்படித்தான் என்று இருவருமே நம்புகிறார்கள். சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்கவில்லை.

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர் போன காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான வீடு கிடைக்காது. அந்த ஊரின் தேவியின் பெயரிலேயே காமம் இருக்கிறது. அன்பு கனியும் கண்ணை உடையவள் காமாட்சி. அவள் கையில் இருப்பவை கரும்பு வில்லும் மலர் அம்புகளும். மன்மதனுடைய ஆயுதங்கள்தாம் அவை. ஏகாம்பரநாதர் கோயிலின் தல புராணமோ ஓர் அணைப்பின் கதை. மணலால் லிங்கம் பிடித்து வைத்து அம்பிகை பூஜை செய்கிறாள். கம்பை நதி பெருக்கெடுத்து வருகிறது. தான் பிழைப்பதை நினையாமல் மணல் லிங்கத்தை அவள் மார்போடு தழுவிக் கொள்கிறாள். இறைவன் குழைந்து போகிறார். அவளுடைய வளையலும் மார்பும் பதிந்த தழும்பு அவர் மேனியில் தங்கிவிட்டது என்கிறது புராணம். 'தழுவக் குழைந்தார்' என்றே அவருக்குப் பெயர். இந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிட எந்தப் பாட்டியும் கூச்சப்பட்டதில்லை.

வரதராஜப் பெருமாள் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில் ரதியும் மன்மதனும் நிற்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாசம்' என்ற நகைச்சுவை நாடகத்தில், கள் மயக்கத்தில் காபாலிகன் ஒருவன் தன் காதலியோடு காஞ்சித் தெருவில் தள்ளாடி வருகிறான். எழுதியவர் ராஜா, நடந்த இடம் ராஜதானி. எந்தத் தணிக்கை அதிகாரியும் குறுக்கே வரவில்லை.

இனிக் கடல் கடப்போம். 1896-ல் அமெரிக்காவில் எடிஸன் கம்பெனி, மே இர்வின், ஜான் ரைஸ் என்ற இரு நாடக நடிகர்களை ஒரு முத்தம் கொடுத்துக் கொள்ளச் சொல்லிப் படம் பிடித்தது. அரை நிமிஷம்கூட ஓடாத படம். அதற்கே கண்டனங்கள் கிளம்பின. அங்கே ஸினிமா பிறந்தபோதே அதைக் கண்டிப்பவரும் பிறந்து விட்டார்.

கதையின் நடு முடிச்சு 1927-ல் விழுகிறது. அந்த ஒரே வருஷத்தில் நான்கு காரியங்கள் நடந்தன.

ஹாலிவுட் முதலாளிகளின் சங்கம், படத்தில் வரவே கூடாதவை 11, எச்சரிக்கையோடு காட்ட வேண்டியவை 25 என்று ஒரு பட்டியல் போட்டது. நிர்வாணம் கூடாது, வெள்ளையரும் கறுப்பரும் கூடி வாழ்வதும் கூடாது! இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்த அந்தக் கனவான்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. அதே ஆண்டு காதரின் மேயோ என்ற அமெரிக்க மாது 'மதர் இந்தியா' என்ற புத்தகத்தை வெளியிட்டு, இந்தியர்களின் சிற்றின்ப வாழ்க்கைதான் அவர்களுடைய எல்லாக் கேட்டுக்கும் மூலம் என்று உலகுக்கு அறிவித்தார். சாக்கடை இன்ஸ்பெக்டரின் அறிக்கை என்று காந்தியடிகள் அதற்குப் பெயர் வைத்தார். சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, கோயில்களில் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வந்தார். நான்காவதாக, இந்திய ஸர்க்கார் ஸினிமாவைப் பற்றி விசாரிக்க ஒரு கமிட்டி நியமித்தது. அதன் தலைவர் நம் சென்னை வக்கீல், திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார்.

கமிட்டி ஏன் வந்தது என்பதுதான் வேடிக்கை. இந்தியர்களின் ஒழுக்கம் கெட்டுவிடுமே என்ற கவலை மட்டுமல்ல. அமெரிக்கப் படங்களில் வெள்ளைக்காரப் பெண்கள் குட்டைப் பாவாடையோடு ஆடுவதையும் அன்னியரை முத்தமிடுவதையும் நாலணா டிக்கெட்காரன் பார்த்து விட்டால், ஆளும் ஜாதியின் மேல் அவனுக்கு மதிப்பு எப்படி இருக்கும்? அது முதல் பயம். அன்று இங்கே ஓடியவற்றில் மிகப் பெரும்பாலானவை அமெரிக்கப் படங்கள். அந்தச் சந்தையைப் பிரிட்டிஷ் படங்களுக்குத் திருப்பி விடலாமே என்பது இரண்டாவது ஆசை. ஒழுக்கத்தின் சால்வையை விலக்கிப் பார்த்தால் உள்ளே கௌரவமும் வியாபாரமும் உட்கார்ந்திருந்தன.

மூன்று இந்தியர், மூன்று வெள்ளையர் கொண்ட அந்தக் கமிட்டி ஊர் ஊராகப் போய் 353 சாட்சிகளை விசாரித்தது. காந்தியடிகளுக்கும் கேள்விப் பட்டியல் போயிற்று. தாம் ஸினிமாவே பார்த்ததில்லை, ஆனாலும் அதன் தீமை வெளிப்படை என்ற கருத்தில் அவர் பதில் அனுப்பினார். ரங்காச்சாரியார் அந்த வழியில் போகவில்லை. 1928-ல் வெளியான அறிக்கை, மேல்நாட்டுப் படங்களால் பெருங்கேடு விளைந்துவிட்டது என்ற கூக்குரல் மிகையானது, இருக்கிற தணிக்கையே போதும் என்றது. பிரிட்டிஷ் படங்களுக்குத் தனிச் சலுகை தர மறுத்து, இந்தியப் படத் தொழிலை வளர்க்க ஸர்க்கார் உதவ வேண்டும் என்றது. வெள்ளைக்கார அங்கத்தினர் தனிக் குறிப்பு எழுதினார்கள். சிபாரிசுகள் பெரும்பாலும் அலமாரிக்குப் போயின. ஆனாலும் அந்த வைதிக வக்கீல், பிறர் முத்தத்தைப் பார்த்து நம் தேசம் கெட்டுப் போகாது என்று நிதானமாகச் சொன்னாரே, அந்த நிதானம் பின்னால் வந்த பலருக்கு வாய்க்கவில்லை.

மேல்நாட்டிலாவது வாய்த்ததா? 1930-ல் ஹாலிவுட் தனக்கென ஒரு முழுச் சட்டத்தையே எழுதிக்கொண்டது. 1934 முதல் அதைக் கறாராக நடத்தினார்கள். திரையில் கணவனும் மனைவியும்கூடத் தனித் தனிக் கட்டிலில் தூங்க வேண்டிய காலம் வந்தது. 1968 வரை இந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. ஐரோப்பாவின் போக்கு வேறு. 1933-ல் செக்கோஸ்லோவாகியாவில் எடுத்த 'எக்ஸ்டஸி' படம் அமெரிக்கா போனபோது சுங்க அதிகாரிகள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதில் நடித்த பெண்ணையோ ஹாலிவுட் ஹெடி லமார் என்று பெயர் மாற்றி நட்சத்திரமாக்கியது! ஸ்வீடனின் தணிக்கையாளர்கள் உடலைக் கண்டு அலறவில்லை. ரத்தத்தைக் கண்டு கத்தரியை எடுத்தார்கள். அமெரிக்கர்களுக்குத் துப்பாக்கி பாதகமில்லை, தோள்தான் பாதகம். இத்தாலியிலோ, ஃபெலினியின் 'லா டோல்சே வீட்டா' 1960-ல் வந்தபோது வாடிகன் பத்திரிகை சீறி விழுந்தது. 'மேல்நாடு' என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதற்குள் இத்தனை சண்டை.

தமிழ்ப் படத்துக்கு வருவோம். ஓஹையோ மாகாணத்திலிருந்து 1935-ல் இந்தியாவுக்கு வந்தவர் எல்லிஸ் ஆர். டங்கன். தமிழ் தெரியாது; ஆனால் தமிழ்ப் படம் எடுத்தார். கம்பன் மகனின் கதையான 'அம்பிகாபதி'யை 1937-ல் எடுத்தபோது, ரோமியோ ஜூலியட்டின் சாயலில் தியாகராஜ பாகவதரையும் சந்தானலட்சுமியையும் காதலிக்க வைத்தார். ஜனங்கள் கொண்டாடினார்கள். 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக 'பொன்முடி' எடுத்தார். அதன் நெருக்கமான காதல் காட்சிகளுக்காக, அமெரிக்கர் நம் பண்பாட்டைக் கெடுக்கிறார் என்ற கண்டனம் எழுந்தது. மூலக்கதையோ பாரதிதாசனுடையது, அந்தக் காவியத்தின் பெயரே 'எதிர்பாராத முத்தம்'! முத்தத்தைத் தலைப்பில் வைத்தவர் புதுவைக்காரர். பழி மட்டும் ஓஹையோவுக்குப் போயிற்று.

காஞ்சிக்கும் இதில் பங்கு உண்டு. அவ்வூர் பெற்ற சி. என். அண்ணாதுரை, கம்பராமாயணத்தின் சிருங்கார வர்ணனைகளைச் சாடி 'கம்பரசம்' எழுதினார். சனாதனியும் சீர்திருத்தக்காரரும் மற்ற எல்லாவற்றிலும் சண்டையிட்டாலும், சிருங்காரத்தை மேடையிலிருந்து இறக்குவதில் கைகோத்துக் கொண்டார்கள். 1925-ல் காஞ்சிபுரத்து அம்மன் கோயில் ஒன்றில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அரங்கேறினாள். அவள்தான் பாலசரஸ்வதி. 1947-ல் பொட்டுக் கட்டுவதைச் சட்டம் தடுத்தது. பெண்ணைச் சொத்தாக்கிய வழக்கம் ஒழிந்தது நியாயமே. அதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் அந்த வழக்கத்தோடு, அந்தப் பெண்கள் காப்பாற்றி வந்த பதங்களும் அபிநயமும் ஆபாசம் என்று முத்திரை பெற்றன. சிருங்காரமே ரஸங்களில் தலையானது, அதைச் சுத்திகரிக்கத் தேவையில்லை என்று 1975-ல் தமிழ் இசைச் சங்கத் தலைமையுரையில் பாலசரஸ்வதி வாதாடினார். அவரைப் பற்றி மறு ஆண்டு படம் எடுக்க வங்காளத்திலிருந்து சத்யஜித் ராய் வர வேண்டியிருந்தது.

தூய்மைப்படுத்தியதன் பலன் என்ன? 1929-ல் 'எ த்ரோ ஆஃப் டைஸ்', 1933-ல் 'கர்மா' போன்ற இந்தியப் படங்களில் முத்தம் இருந்தது. சுதந்திர இந்தியாவின் திரையில் அது வெகுகாலம் மறைந்திருந்தது. இரண்டு பூக்கள் உரசின, இரண்டு கிளிகள் கொஞ்சின. கதைக்குத் தேவையானால் முத்தத்தைத் தடுக்க வேண்டாம் என்று நீதிபதி கோஸ்லா கமிட்டி 1969-ல் சொல்லிப் பார்த்தது. அதற்குள் வேறு வழி கண்டுபிடித்திருந்தார்கள்; மழை பெய்தது, புடவை நனைந்தது. முத்தத்தில் இருவர் வேண்டும், இருவருக்கும் சம்மதம் வேண்டும். நனைந்த புடவைக்குப் பார்க்கிறவனுடைய சம்மதம் மட்டும் போதும். கதாநாயகியை வழிமறித்து, கேலிப் பாட்டுப் பாடி, அவள் வெறுத்தாலும் விடாமல் துரத்துவதைக் காதல் என்று காட்டிய எத்தனையோ படங்கள் கத்தரியிலிருந்து தப்பின. தெருவில் பெண்களைச் சீண்டுவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1998-ல் சட்டமே போட வேண்டியிருந்தது.

காஞ்சிப் பட்டில் கோர்வை என்று ஒரு வேலை உண்டு. ஒரு நிறத்தில் உடலும் வேறு நிறத்தில் கரையும், இழையோடு இழை கோத்து நெய்வது. புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று பெருமையாகச் சொல்வார்கள். பக்தியையும் சிருங்காரத்தையும் நம் முன்னோர் அப்படித்தான் கோத்து வைத்தார்கள். அதைப் பிரித்தெடுக்கப் பார்த்தவர்கள் பக்தியை வளர்க்கவுமில்லை, பெண்ணைக் காக்கவுமில்லை.

ஆகவே திரையில் முத்தம் இருக்கிறதா, இல்லையா என்று எண்ணிக்கொண்டிருப்பது வீண் வேலை. அங்கே அந்தப் பெண்ணுக்கு ஒரு மனம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கம்பைக் கரையில் நின்றவளை யாரும் துரத்தவில்லை. வெள்ளம் வந்தபோது தழுவியவள் அவள், குழைந்தவர்தான் அவர்.