எல்லை கடந்த பெயரும் எல்லையில் நின்ற பெயரும்: மும்பைத் தமிழர் குடியேற்ற வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1. முன்னுரை

வேற்றுமொழி வழங்கும் நிலத்தில் குடியேறுவோர் தம் உணவையும் உடையையும் உறைவிடத்தையும் புதிய சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்வது இயல்பு. அவர்கள் தாங்கிவரும் பெயர்களும் அவ்வாறே மாற்றம் அடைகின்றன. இம்மாற்றம் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் ஒருங்கே உரிய ஆய்வுப்பொருளாகும். மும்பை நகரின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழர் வேரூன்றிய வரலாற்றைப் பெயர்களின் வழியே காண இக்கட்டுரை முற்படுகிறது. மேல்நிலைச் சாதிகளின் பட்டப்பெயர் மாநில எல்லையைக் கடந்து வந்து குடும்பப்பெயராக நிலைபெற்றது. ஒடுக்கப்பட்டோர் வாதாடிப் பெற்ற பெயரோ சட்டத்தின் பார்வையில் எல்லையிலேயே நின்றுவிட்டது. இவ்வேறுபாட்டை விளக்குவதே இங்கு நோக்கம். (இந்நகரின் பெயர் 1995இல் மும்பை என மாற்றப்பட்டது. அதற்கு முந்திய நிகழ்ச்சிகளைக் குறிக்குமிடத்துப் பம்பாய் என்னும் பெயரே இங்கு ஆளப்படுகிறது.)

2. தாராவி: தொழிலும் தற்பெயரும்

பம்பாயிலிருந்து வந்த இருப்புப்பாதையும் சென்னையிலிருந்து சென்ற இருப்புப்பாதையும் 1871இல் இராய்ச்சூரில் இணைந்தன. தென்னாட்டார் பம்பாய் செல்வது இதனால் எளிதாயிற்று. மாகிம் கழியை ஒட்டிய மீனவர் குடியிருப்பாக இருந்த தாராவியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் தொடங்கியது. நெல்லைப் பகுதியைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இத்தொழிலில் முன்னின்றனர். அதே பகுதியைச் சேர்ந்த ஆதிதிராவிடர்கள் தொழிலாளராக வந்தனர். 1920களில் குடியேற்றம் பெருகியது. தாராவியின் கணேசர் கோயில் 1913இலும் முதல் தமிழ்ப் பள்ளி 1924இலும் தோன்றியதாகக் கூறுவர். கோயிலும் பள்ளியும் ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குள் அமைந்தமை, வந்தோர் நிலையாகத் தங்க எண்ணினர் என்பதைப் புலப்படுத்துகிறது.

இக்காலத்திலேயே பிறந்தகத்தில் ஒரு பெயர் மாற்றம் நிகழ்ந்தது. எம்.சி. இராஜா முதலியோரின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு, இழிவுப் பொருளில் வழங்கிய பழைய சாதிப்பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்றது. தாராவித் தமிழர் தம் சங்கத்திற்கும் ஆதிதிராவிட மகாஜன சங்கம் என்றே பெயரிட்டனர். பிறர் இட்ட பெயரைக் களைந்து தாமே தேர்ந்த பெயரைப் புதிய ஊரில் நிலைநாட்டியது இக்குடியேற்றத்தின் சிறப்புக் கூறு எனலாம். ஓவன் லிஞ்ச் 1974இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, தாராவி ஆதிதிராவிடரின் அரசியல் திரட்சியை இன அடையாளத்தோடு இணைத்து நோக்கியமை இங்குக் கருதத்தக்கது.

3. மாட்டுங்கா: தென்னிந்தியர் என்னும் புதுக்குடி

1896இல் பரவிய கொள்ளை நோயை அடுத்து 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அமைப்பு நிறுவப்பட்டது. அது வகுத்த புறநகர்த் திட்டங்களுள் தாதர்-மாட்டுங்கா ஒன்று. ஆங்கிலக் கல்வியும் தட்டச்சுப் பயிற்சியும் பெற்று அலுவலகப் பணிக்கு வந்த தென்னாட்டார், பெரும்பாலும் பிராமணர், இங்குக் குடியேறினர். பொதுக் கழிப்பிடத்தைப் பலர் பகிரும் சால் குடியிருப்புகளை விட, கழிப்பிடத்தை உள்ளடக்கிய அடுக்கக வீடு இவர்களுக்கு உகந்ததாயிற்று. பல உட்பிரிவினராகவும் பல மொழியினராகவும் வந்தோர் ஒரே கட்டடத்தில் வாழ நேர்ந்தபோது தென்னிந்தியர் என்னும் பொதுப்பெயர் அவர்களைப் பிணைத்தது. நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட, பம்பாய்ப் புறநகர் அடுக்கக வாழ்க்கை பற்றிய நூல் இதனை விரிவாக ஆராய்கிறது. 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விக் கழகத்தின் பெயரிலேயே இப்பொதுமை இடம்பெற்றுள்ளது. அருகில் 1952இல் அமைந்த சண்முகானந்த சபையின் அரங்கம் 1963இல் திறக்கப்பட்டு, 1990இல் தீக்கிரையாகி, 1998இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் எவரும் தம்மைத் தென்னிந்தியர் என்று அழைத்துக்கொள்வது வழக்கமன்று. குடியேறிய இடமே இப்பெயருக்குப் பொருள் தந்தது.

4. பட்டப்பெயர் குடும்பப்பெயர் ஆதல்

மராத்தியர் பெயர் மூன்று உறுப்புகளை உடையது: தன்பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், ஆட்நாவ் எனப்படும் குடும்பப்பெயர். தமிழர் பெயரோ தந்தை பெயரின் முதலெழுத்தும் தன்பெயரும் மட்டுமே கொண்டது. பள்ளிப் பதிவேடும் பங்கீட்டு அட்டையும் மூன்றாம் உறுப்பைக் கேட்டபோது தமிழர் அதனை எங்கிருந்தேனும் பெற வேண்டியிருந்தது.

இவ்விடத்து ஒரு முரண் தோன்றுகிறது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. காலப்போக்கில் தமிழ்நாட்டுப் பொதுவாழ்வில் அவை பெரிதும் மறைந்தன. பிறந்தகத்தில் உதிர்ந்த பட்டம் பம்பாயில் குடும்பப்பெயராகத் துளிர்த்தது. ஐயர், நாடார் என்பன -ஆர், -அர் ஈற்று மரியாதைப் பன்மைச் சொற்கள். மரபில் வயது வந்த ஆடவர் பெயரின் பின் வருவன. மும்பையில் இவை பெண் பெயரோடும் குழந்தை பெயரோடும் இயல்பாகச் சேர்கின்றன. லட்சுமி ஐயர் என்னும் தொடரில் ஈற்றின் பாற்பொருளும் மரியாதைப் பொருளும் ஒருங்கே நீங்கியுள்ளன. தஞ்சையில் குடியேறிய மராத்தியர் பலர் ராவ் என்னும் தம் பெயரொட்டைத் தமிழகத்திலும் காத்துவந்தமை இதனோடு ஒப்பிடத்தக்கது.

பட்டம் சூட்டிக்கொள்ள விரும்பாதோரும், தம் சாதிப்பெயரை வெளியிட்டால் இழிவு நேருமென அஞ்சியோரும் தந்தை பெயரையே மூன்றாம் உறுப்பாக இட்டனர். இம்முறையில் தந்தைக்கு ஒரு குடும்பப்பெயரும் மகனுக்கு மற்றொன்றும் அமையும். இது வெறும் எழுத்துச் சிக்கலன்று. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் 2022இல் அதானி குழுமம் வென்றது. அத்திட்டத்தில், 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்னரே தரைத்தளத்தில் குடியிருந்தமையை மெய்ப்பிப்போர்க்கே தாராவியிலேயே இலவச வீடு என வகுக்கப்பட்டது. இருபது, முப்பது ஆண்டுப் பழமையுடைய ஆவணங்களில் பெயர் ஒத்திருத்தல் வீட்டுரிமையோடு தொடர்புடையதாகிறது.

5. செம்பூர்: மதராசி என்னும் அடையாளம்

1954இல் டிராம்பேயில் அணுசக்தி நிறுவனம் அமைந்தது. அதே காலப்பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் எழுந்தன. அண்மையிலிருந்த செம்பூரில் தமிழர் பலர் குடியேறினர். 1962இல் தோன்றிய செம்பூர் நுண்கலைக் கழகமும் செடா நகர் முருகன் கோயிலும் இக்குடியிருப்பின் சான்றுகள்.

1960இல் மகாராட்டிர மாநிலம் உருவாயிற்று. அவ்வாண்டே தொடங்கிய மார்மிக் வார இதழ், அலுவலகங்களில் உயர்பதவி வகித்த வெளிமாநிலத்தார் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. 1966இல் சிவசேனை தோன்றியது. பதிவேட்டிற்குப் பொருந்த ஏற்ற குடும்பப்பெயரே தென்னாட்டாரை எளிதில் இனங்காட்டும் குறியாயிற்று என்பது இவ்வரலாற்றின் நகைமுரண். மதராசி என்பது சென்னை மாகாணத்தாரைக் குறித்த ஆட்சிவழிச் சொல். 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தன. 1969இல் சென்னை மாநிலம் தமிழ்நாடாயிற்று. எனினும் அச்சொல் நால்வகை மொழியினரையும் ஒன்றாகச் சுட்டும் வசைச்சொல்லாக நீடித்தது. லுங்கியை விரட்டுமாறு கூறிய அக்கால முழக்கமும் இத்தகையதே. தமிழர் வெளியே உடுப்பது வேட்டி. லுங்கி எனப்படும் கைலி வேறு. முழக்கத்தில் அவ்வேறுபாட்டிற்கு இடமில்லை.

6. சட்டமும் பெயரும்

பட்டியல் சாதியினர் யாவர் என்பதை அரசியலமைப்பு ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனித்தனியே வரையறுக்கிறது. மும்பை சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி தொடர்பாக ஆந்திரத்திலிருந்து குடியேறிய குடும்பத்து மாணவர் தொடுத்த வழக்கில், ஒரு மாநிலத்தில் பட்டியல் பழங்குடியாக ஏற்கப்பட்டவர் வேறு மாநிலத்தில் குடியேறியதனால் மட்டும் அங்கு அவ்வுரிமை பெறார் என உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. மகாராட்டிரத்தில் குடியேறியோர்க்குச் சாதிச் சான்று வழங்குவது பற்றிய 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பு இக்கருத்தைப் பட்டியல் சாதியினர்க்கும் உரியதாக உறுதிசெய்தது. பெயர் இரு மாநிலப் பட்டியல்களிலும் ஒன்றாக இருப்பினும் பயன் தானே தொடராது என்பது இதன் சாரம். இழிவு இடத்திற்கு இடம் வேறுபடும் என்பது நீதிமன்றம் காட்டிய காரணம். ஆயினும் நெல்லையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் தொழிலையே செய்தவரிடத்து இழிவு நீங்கிற்று எனக் கூற இயலுமா என்பது எண்ணத்தக்கது.

7. மொழிபெயர்ப்பு நோக்கில்

இவ்வரலாற்றை மொழிபெயர்ப்போர் கருத வேண்டியவை சில உள. மராத்தியில் அறையைக் குறிக்கும் கோலி என்பது மூச்சொலியோடு தொடங்கும் லகரச் சொல். மீனவரைக் குறிப்பது ளகரச் சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் கோலி என எழுதப்பெற்று மயங்குகின்றன. மராத்திக்கும் தமிழுக்கும் ளகரம் பொதுவாதலின் மீனவரைக் கோளி என எழுதுவது பொருந்தும். மதராசி, தென்னிந்தியர், ஆதிதிராவிடர் என்பவற்றைத் தமிழர் என்னும் ஒரே சொல்லால் பெயர்ப்பது அதனினும் பெரும் பிழையாகும். முதலாவது பிறர் இட்டது. இரண்டாவது அண்டை வீட்டாரோடு கூடி வாழ்ந்தமையால் விளைந்தது. மூன்றாவது வாதாடிப் பெற்றது. யார் யாரை எவ்விடத்து அழைத்தனர் என்பது மொழிபெயர்ப்பில் மறைந்துவிடலாகாது.

8. முடிவுரை

மூன்று பகுதிகளிலும் தமிழர் கோயிலும் பள்ளியும் சபையும் அமைத்துப் புதிய நிலத்தோடு இயைந்தனர். இவ்வியைபின் விலை மட்டும் அனைவர்க்கும் ஒன்றாக அமையவில்லை. மாட்டுங்காவில் பட்டம் குடும்பப்பெயராகிப் பதிவேட்டில் எளிதில் இடம்பெற்றது. செம்பூரில் அத்தகைய பெயரே ஒரு காலத்தில் பகைமையை ஈர்த்தது. தாராவியில் தன்மானம் தந்த பெயர் சான்றிதழாக மாறவில்லை. குடியேற்ற வரலாற்றை எழுதுவோர் மக்கள்தொகையோடு பெயர்ப் பதிவுகளையும் சான்றாகக் கொள்வாராயின் இவ்வேறுபாடுகள் மேலும் தெளிவுறும்.