மூலச்சுருளும் புளூ-ரே வட்டும்: கொல்லிமலையிலிருந்து ஒரு நோக்கு

பழைய தமிழ்ப் படங்களின் புளூ-ரே வட்டை ஆசையோடு வாங்கிப் போட்டுப் பார்ப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றே: வீட்டில் ஏற்கெனவே இருந்த டிவிடியைவிட இது மேலாக இல்லை, சில காட்சிகளில் அதைவிட மோசம். இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. அந்தக் காலத்துப் படம் அப்படித்தான் இருக்கும் என்பார்கள். அல்லது டிவியை மாற்றச் சொல்வார்கள். இரண்டையும் இக்கட்டுரை மறுக்கிறது. படம் எந்தச் சுருளிலிருந்து, எந்தக் கருவியில், எந்தக் காலத்தில் எடுக்கப்பட்டதோ அதைப் பொறுத்தே வட்டின் தரம் அமைகிறது. அந்த விவரத்தைச் சொல்லாமல் 1080 என்ற எண்ணை மட்டும் உறையில் அச்சிடுவது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி.

முதலில் கணக்கு. நம் ஊரில் வழங்கிய பால் (PAL) முறை டிவிடியின் ஒரு சட்டகத்தில் 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள். புளூ-ரேயில் 1920 × 1080, அதாவது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. டிவிடிக்காகச் சுருளிலிருந்து எடுத்த பழைய வீடியோ மாஸ்டரையே பெரிதாக்கிப் புளூ-ரேயில் ஏற்றினால், திரையில் தெரியும் ஒவ்வொரு ஐந்து புள்ளிகளிலும் நான்கு கணினி இட்டு நிரப்பியவை. அகலத்திரைப் படங்களின் நிலை இன்னும் பரிதாபம். 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அத்தகைய படத்தின் முழு அகலத்தையும் பழைய 4:3 டிவிக்கென மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு மாஸ்டர் செய்தால், 576 கோடுகளில் ஏறத்தாழ 327 மட்டுமே படத்தைத் தாங்கும். அதே படத்துக்கு முறையான புளூ-ரேயில் சுமார் 817 கோடுகள் கிடைக்க வேண்டும். இல்லாத ஐந்நூறு கோடுகளை எந்தப் பிளேயராலும் உண்டாக்க முடியாது.

கொல்லிமலையில் இருப்பவர்களுக்கு இந்தக் குறை வேறொரு வழியிலும் பிடிபடும். நாமக்கல்லிலும் சேலத்திலும் வாங்கிய வட்டுகள் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இங்கே வருகின்றன. செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் வாழ்பவருக்கு மூடுபனி எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது மரத்தை விழுங்கும்போது எல்லைக்கோடு எதுவும் தெரிவதில்லை. பச்சை மெல்ல மெல்லச் சாம்பலாகும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ எடுத்த பாடல் காட்சியை மோசமான வட்டில் போட்டால் அந்தப் பனி படிக்கட்டுபோல் அடுக்கடுக்காக உடைந்து நிற்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 ஒளிப்படிகளே உள்ள முறையில் மூடுபனி அவற்றில் ஒரு சிறு பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. சுருக்கும்போது படம் 8 × 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, நுண்ணிய வேறுபாடுகள் தள்ளிவிடப்படுகின்றன. முன்பே ஒருமுறை சுருக்கிய மாஸ்டரை மீண்டும் சுருக்கினால் கேடு இரட்டிக்கும். அருவி இதற்கு நேர்மாறான சோதனை. ஆகாய கங்கை போன்ற ஓர் அருவியின் நீரில் ஒரு சட்டகம் அடுத்ததைப்போல் இருப்பதில்லை. முந்தைய சட்டகத்தைக் கொண்டு அடுத்ததை ஊகிக்கும் சுருக்க முறை அங்கே திணறும். மூன்று படங்களை ஒரே டிவிடியில் திணித்து விற்ற சந்தையில் நீர்த்துளிகள் கட்டங்களாகச் சிதறியதில் வியப்பில்லை. 25 ஜிபி கொள்ளளவு கொண்ட புளூ-ரே இந்த இடநெருக்கடியைத் தீர்க்கும். ஆனால் பனியின் படிக்கட்டு மாஸ்டரிலேயே இருந்தால், அதையும் வட்டு துல்லியமாகக் காட்டிவிடும்.

ஆகவே மாஸ்டர் எதிலிருந்து வந்தது என்பதே அடிப்படைக் கேள்வி. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் தந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கேவாகலரில் உருவான, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். டி. ஆர். சுந்தரத்தின் அந்த ஸ்டுடியோவில் இன்று எஞ்சி நிற்பது ஏற்காடு சாலையோரத்து முகப்பு வளைவு மட்டுமே. கட்டடம் போனதைவிடச் சுருள்கள் போவது பெரிய இழப்பு. கேமராவில் ஓடிய நெகட்டிவ்தான் மூலம். அதிலிருந்து எடுத்த பிரிண்ட் திரையரங்குக்கென மிகைக் கான்ட்ராஸ்டுடன் ஆக்கப்பட்டது. நகரத்தில் ஓடி முடித்து, சிற்றூர்களுக்குப் போய், டூரிங் டாக்கீஸ் வரை தேய்ந்த ஒரு பிரிண்டை, பிலிமை வீடியோவாக்கும் டெலிசினியில் போட்டால் என்ன கிடைக்கும்? முகத்தின் நிழல் பக்கம் கறுத்து அடைந்துவிடும். வெள்ளை வேட்டியின் மடிப்புகள் ஒரே வெள்ளையாகக் கரைந்துவிடும். ரீல் மாறும் இடங்களில் மழை பெய்யும். வண்ணப் படமானால் நீலமும் பச்சையும் வெளுத்து, எல்லோர் முகமும் செம்பழுப்பாகிவிடும். நெகட்டிவில் இருக்கும் செழுமையை இந்தப் பிரிண்ட் தருவதே இல்லை. அதன் குறைகளை மட்டும் ஐந்து மடங்கு பெரிதாக்கி வாங்குபவர் கையில் கொடுக்கிறோம்.

குறையை மறைக்கச் செய்யும் சிகிச்சை அதைவிடக் கொடியது. பிலிமின் மணித்தன்மையை (grain) அழுக்கு என்று கருதி மென்பொருளால் துடைத்தெடுக்கிறார்கள். மணி போகும்போது தோலின் இழையும் போய், நடிகர் மெழுகுச் சிலையாகிறார். சிவாஜி கணேசன் ஒரு வசனத்தை விழுங்கும்போது கன்னத்தசை துடிக்கும். கண்ணோரச் சுருக்கம் ஒரு கணம் ஆழமாகும். அந்த நடிப்பின் பாதி அங்கேதான் இருக்கிறது. அதைத் துடைப்பதைச் சீரமைப்பு என்று அழைக்க என்னால் முடியாது.

பழைய படத்தில் அவ்வளவு நுணுக்கம் இருந்திருக்காது என்ற வாதத்துக்குச் சத்யஜித் ராயின் அப்பு முப்படங்களே விடை. 1993இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் அவற்றின் நெகட்டிவ்கள் கருகின. கருகியவற்றை எறிந்துவிடாமல் அமெரிக்க அகாடமியின் காப்பகம் வைத்திருந்தது. பிற்பாடு இத்தாலியின் பொலோஞாவில் அவற்றுக்கு ஈரப்பதம் ஊட்டி, கையால் ஒட்டி, பயன்பட்ட பகுதிகளை ஸ்கேன் செய்து, எஞ்சியதை வேறு நல்ல பிரதிகளிலிருந்து நிரப்பினார்கள். 2015இல் வெளியான 4கே பதிப்பில் இலையும் நீர்ப்பூச்சியும் தெரியும் தெளிவைப் பார்த்தவர்கள், 35 மி.மீ. நெகட்டிவ் 1080 கோடுகளுக்கு மேலும் தாங்கும் என்பதை மறுக்கமாட்டார்கள். எரிந்த நெகட்டிவே இவ்வளவு தரும்போது எரியாதவற்றை நாம் என்ன செய்தோம்?

தொழில்நுட்பம் இங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. சென்னை பிரசாத் நிறுவனம் வெளிநாட்டுப் படங்களையும் சீரமைத்துத் தருகிறது. ரசிகர் இல்லை என்பதும் பொய்: பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' (1964) சீரமைக்கப்பட்டு 2012 மார்ச்சில் திரையரங்குக்கு வந்தபோது பல வாரங்கள் ஓடியது. தடை வேறிடத்தில் இருக்கிறது. தயாரிப்பாளர் வீடியோ உரிமையை ஒருவருக்கும் தொலைக்காட்சி உரிமையை இன்னொருவருக்கும் விற்றுவிடுவார். நெகட்டிவ் லேபின் அறையில் கிடக்கும். உரிமை பெற்றவர் கையில் உள்ள டேப்பை வைத்து வட்டு போடுவார். கடலோர வெப்பத்திலும் ஈரத்திலும் அசிடேட் சுருள் காடி நாற்றம் எடுத்துச் சுருங்கும். டிஜிட்டல் வந்து லேப்கள் மூடப்பட்டபோது சுருள்களைக் கேட்க ஆளில்லை. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. தம் படங்கள் சிலவற்றின் நெகட்டிவ் அழிந்ததை எண்ணி வருந்திய பாலுமகேந்திரா, தமிழ்ப் படங்களுக்கென ஒரு காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். புணேயில் 1964இலேயே தேசியத் திரைப்படக் காப்பகம் வந்துவிட்டது. தமிழகத்தில் குளிரூட்டிய, ஈரம் அடக்கிய அத்தகைய அறைகளை அரசே கட்டித்தர வேண்டும்.

அதுவரை வட்டு வெளியிடுவோர் உறையில் மூன்று செய்திகளையாவது அச்சிடலாம்: படம் எடுக்கப்பட்டது நெகட்டிவிலிருந்தா, பிரிண்டிலிருந்தா, பழைய டேப்பிலிருந்தா; ஸ்கேன் செய்த ஆண்டு; ஸ்கேனின் அளவு. நெகட்டிவ் அழிந்துபோன படத்துக்குத் தேய்ந்த பிரிண்டே கதி என்றால் அதையும் எழுதட்டும். அப்படி எழுதிய வட்டை, கோடுகளோடும் வெளுத்த நிறத்தோடும், நான் மனமுவந்து வாங்குவேன்.