முடுக்குப் பக்கத்துச் சின்னக் கதவு

தை பிறந்ததிலிருந்து என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் ஒருசேரத் தகராறு செய்கின்றன. குத்தவைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் கழிப்பறை புறவாசலில், கிணற்றைத் தாண்டி இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு நான் முன்னே, சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னே. எனக்கு எழுபத்து நாலு, அவளுக்கு அறுபத்தெட்டு. "இப்படியே போனா ஒருநாள் ரெண்டு பேரும் கிணத்துமேட்டுலதான் கிடப்போம்" என்றாள். படுக்கையறையை ஒட்டிக் குளியலறையும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் கட்டிவிடுவது என்று முடிவாயிற்று.

புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு வரி. என் அப்பா பிழைப்புக்காகப் புதுச்சேரிக்குப் போனவர். நான் அங்கே பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றேன். இந்தச் சங்கரன்கோவில் வீடு என் மாமனார் வழி வந்தது. கோமதியம்மன் கோயில் மணி காதில் விழுகிற தூரம்.

காண்ட்ராக்டர் உள்ளூர்த் தம்பி, முப்பத்தைந்து வயதிருக்கும். டேப்பை எடுத்து அளந்தார், செல்போனில் டைல்ஸ் படங்களைக் காட்டினார். ஈசான மூலையில் டேங்க் கூடாது என்று நான் கேட்காமலே சொன்னார். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று நான் சொன்னேன். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே மறித்துக்கொள்ளும். வாசற்படி வேண்டாம், வழுக்காத டைல்ஸ், பிடித்து எழ இரண்டு பக்கமும் ஸ்டீல் கம்பி. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதன்பிறகு பழைய செப்டிக் டேங்கைப் பார்க்கப் போனோம். பேச்சு சிக்கிக்கொண்டது அங்கேதான்.

1982-இல் என் மாமனார் கட்டியது அது. மேலே கருங்கல் பலகை, அதன் மேல் சிமெண்ட், அதன் மேல் துணி துவைக்கிற கல். திறக்க மூடியே கிடையாது. தம்பி காலால் தட்டிப் பார்த்தார்.

"நிறைஞ்சு கெட்டிப்பட்டுப் போச்சு சார். ஒண்ணும் கவலைப்படாதீங்க, ரெண்டு ஆளு இருக்காங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மேல வருவாங்க. ஒரு ஓரமா உடைச்சு, உள்ள இறங்கி, வாளியில அள்ளிருவாங்க. விடியறதுக்குள்ள சுத்தமாயிரும். கூலி போக ஆளுக்கு ஒரு குவார்ட்டர் வாங்கிக் குடுத்தா போதும்."

"உள்ளே ஆள் இறங்கக் கூடாது தம்பி" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பெரியவர் காசு குறைக்கப் பார்க்கிறார் என்ற எண்ணம் தெரிந்தது.

அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பக்கம் பழைய வீடுகளில் குளியலுக்குக் கிணற்றடி, பாத்திரம் கழுவ அங்கணக்குழி. மற்றதற்கு ஓடைப்பக்கம், கண்மாய்க்கரை. ஆண்கள் எப்போதும் போகலாம். பெண்கள் விடியுமுன் அல்லது இருட்டிய பிறகு. இடையில் வயிற்றைக் கலக்கினால் என்ன செய்தார்கள் என்று எந்த ஆணும் கேட்டதில்லை. வீடுகள் நெருங்கிச் சுவரோடு சுவராக நின்ற டவுன் தெருக்களில்தான் கக்கூஸ் வந்தது. அந்தச் சொல்லே டச்சு மொழியின் 'காக்ஹவுஸ்'. 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் போய் இருநூறு வருஷம் ஆகிவிட்டது, சொல் மட்டும் நிற்கிறது. புதுச்சேரியில் என் பள்ளிக்கூடத்தில் நாங்கள் 'கபினே' என்போம். பெயர் நாகரிகமாக இருந்ததே தவிர, எங்கள் தெருவில் இருந்ததும் எடுப்புக் கக்கூஸ்தான்.

எடுப்புக் கக்கூஸ் எப்படி இருக்கும் என்று என் பேரனுக்குத் தெரியாது. உங்களில் பலருக்குத் தெரியும். கால் வைக்க இரண்டு கல், நடுவில் ஓட்டை, கீழே தகரச் சட்டியோ சாம்பல் பரப்பிய தரையோ. பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னத் தகரக் கதவு. அது வீட்டுக்குள் திறக்காது, பின்னால் உள்ள முடுக்கில் திறக்கும். காலையில் ஒரு பெண் அந்த முடுக்கு வழியே வந்து, கதவைத் தூக்கி, தகரத்தால் வழித்துக் கூடையில் போட்டுத் தலையில் சுமந்து போவாள். மழைக்காலத்தில் கூடை ஒழுகும். நம் ஊர்களில் இரண்டு வீட்டு வரிசைக்கு நடுவே எதற்காக அத்தனை குறுகலான முடுக்குகள் விட்டார்கள் என்று யோசித்தால், பலவற்றுக்கு விடை இதுதான். அந்த வேலை யார் தலையில் விழுந்தது என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. படிப்போ விருப்பமோ அல்ல.

'சத்திய சோதனை'யில் காந்தி எழுதியிருப்பது நினைவிருக்கும். 1898, டர்பன். அவர் வீட்டில் குமாஸ்தாக்கள் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய மலச்சட்டியைச் சுமந்துகொண்டு கஸ்தூரிபாய் கண்ணீரோடு படியிறங்குகிறார். அதைச் சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்று காந்தி சத்தம் போட்டு, கையைப் பிடித்து வாசல் கதவு வரை இழுத்துப் போகிறார். காந்தியின் வெட்கத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். குமாஸ்தாவாக இருந்ததாலோ என்னவோ, எனக்கு மேலே அறையில் இருந்த அந்த குமாஸ்தாவின் நினைப்புதான் வரும். கீழே நடக்கும் சண்டை அவர் காதில் விழுந்திருக்காதா?

இனி பிரெஞ்சுக்காரர் கதை. விக்தோர் யூகோவின் 'லே மிசெராப்ள்' 1862-இல் வந்தது. அதில் பாரிஸ் சாக்கடையைப் பற்றி ஒரு பகுதியே உண்டு. உரமாகக் கூடிய தங்கத்தை நகரம் ஆற்றில் கொட்டுகிறதே என்று யூகோ ஆதங்கப்படுவார். எங்கள் ஆசிரியர் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட்டார். நாங்கள் தாண்டாமல் படித்தோம்.

யூகோ எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், சுமார் 1860-இல், கிழக்குப் பிரான்சின் வெசூல் என்ற சிற்றூரில் லூயி மூரா என்பவர் ஒரு தொட்டி கட்டினார். வீட்டுக் கழிவு அதற்குள் போகும், வழியும் தண்ணீர் வெளியே போகும், காற்று உள்ளே புகாது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் திறந்தபோது எதிர்பார்த்த திடக்கழிவு பெரும்பாலும் இல்லை, கலங்கல் நீர்தான் இருந்தது. மொவாஞ்ஞோ என்ற அறிவியல் எழுத்தாளரான பாதிரியாரின் துணையோடு 1881-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1895-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் இதே வழியில் ஒன்றைக் கட்டி 'செப்டிக் டேங்க்' என்று பெயர் வைத்தார். நாம் சொல்வது கேமரன் வைத்த பெயரை.

மூராவின் தொட்டிக்கு முதலில் வழங்கிய பெயரை நான் தம்பிக்கு இரண்டு தடவை சொன்னேன். 'விதாஞ்செஸ் ஒத்தொமத்திக்'. விதாஞ்செர் என்றால் பிரான்சில் மலக்குழியை ராத்திரியில் இறங்கி அள்ளுகிற ஆள். அந்த ஆள் இல்லாமல் தானே வேலை செய்கிற கருவி என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். ஆள் இறங்கக் கூடாது என்பதற்காகவே கண்டுபிடித்த தொட்டிக்குள், நூற்று நாற்பது வருஷம் கழித்துச் சங்கரன்கோவிலில் நாம் ஆளை இறக்கப் பார்க்கிறோம்.

"அப்ப ஏன் சார் எல்லா ஊர்லயும் இறங்குறாங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

காரணம், நாம் அதைத் தொட்டியாகக் கட்டவில்லை, கிடங்காகக் கட்டினோம். உள்ளே கனமானது கீழே படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடு கட்டும், நடுவில் தெளிந்த நீர் வெளியேறும். கிருமிகள் எவ்வளவு தின்றாலும் அடியில் சேறு மிஞ்சத்தான் செய்யும். அதை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரியை வரவழைத்து உறிஞ்சிவிட்டால் அது சேறாகவே இருக்கும், குழாயில் வரும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இந்தியத் தர நிர்ணய எண் 2470-இன்படி ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றரை அடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் போதும். நாமோ பத்துக்கு எட்டு என்று தோண்டி, "இருபது வருஷத்துக்குக் கவலையில்லை" என்று மூடி வைக்காமல் பூசி, மேலே துவைகல்லைப் போட்டுவிடுகிறோம். இருபது வருஷத்தில் சேறு இறுகிப்போகும், குழாய் உறிஞ்சாது. அப்போதுதான் வாளியும் ஆளும் குவார்ட்டரும்.

உள்ளே இருப்பது நாற்றம் மட்டுமில்லை. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதிகமானால் மூக்கின் உணர்ச்சியையே கொன்றுவிடும். வாடை போய்விட்டது என்று இறங்குகிறவர் அப்படியே சாய்வார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் சாய்வார். நாளிதழில் வருகிற செய்திகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவது இதனால்தான்.

என் அலுவலக நாட்களில் இந்த விஷயம் கோப்பாக என் மேஜைக்கு வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் மத்திய அரசு எடுப்புக் கக்கூஸ்களைத் தண்ணீர் ஊற்றும் கழிப்பறைகளாக மாற்ற நிதி கொடுக்க ஆரம்பித்தது. பீகாரில் 1970-இல் பிந்தேஷ்வர் பாடக் தொடங்கிய சுலப் இயக்கத்தின் இரட்டைக் குழி முறையை அப்போதுதான் படித்தேன். ஒரு குழி நிறைந்ததும் அடுத்ததற்குத் திருப்பிவிட வேண்டும், இரண்டு வருஷத்தில் முதல் குழி மக்கி உரமாகிவிடும். யூகோ பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். தண்ணீர் இறங்காத கரிசலுக்கு அது அவ்வளவாகச் சரிப்படாது.

1993-இல் எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் அள்ள ஆள் வைப்பதையும் தடுத்துச் சட்டம் வந்தது. அமலுக்கு வந்தது 1997 ஜனவரி 26-இல்தான், அதுவும் முதலில் சில மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் மட்டும். சட்டம் ஆனபோது சந்தோஷப்பட்டுக் குறிப்பு எழுதிய நான், அது நாலு வருஷம் அலமாரியில் தூங்கியதையும் பார்த்தேன். அந்தக் கோப்பில் வீடுகளின் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி இருந்தது, செலவுக்கு ஒரு பத்தி இருந்தது. அள்ளியவர்கள் பெயருக்குப் பத்தி இல்லை. அதை அன்று நான் கவனிக்கவும் இல்லை.

2013-ஆம் ஆண்டுச் சட்டம் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவதையும் சேர்த்துக்கொண்டது. நேரடியாகவோ மறைமுகமாகவோ அந்த வேலைக்கு ஆள் வைத்தால், முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். 2014 மார்ச் 27-இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது.

"வீட்டுக்காரர் மேலயும் கேஸ் வருமா சார்?"

"ஆள் வைத்தவர் மேல் வரும். நீங்களும்தான், நானும்தான்."

சட்டத்துக்குப் பயந்துதான் தம்பி இறங்கிவந்தார் என்று நினைத்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் என்கூட அஞ்சாவது வரைக்கும் படிச்சவன் சார்" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திட்டம் மாறியது. பழைய டேங்கின் ஓரத்தை மேலிருந்தே இயந்திரத்தால் உடைத்து, தண்ணீர் விட்டு நீளக் கம்பியால் கலக்கி, வருகிற அளவுக்கு லாரி உறிஞ்சும். வராத மீதியின் மேல் சுண்ணாம்பும் கட்டட இடிபாடும் போட்டு நிரந்தரமாக மூடிவிடுவது. புது டேங்க் பக்கவாட்டு முற்றத்தில், சின்னதாக, இரண்டு அறையோடு, ஒவ்வொரு அறைக்கும் தனி இரும்பு மூடி. தண்ணீர் வாறுகாலுக்குப் போகாமல் உறிஞ்சுகுழிக்குப் போகும். எஸ்டிமேட் கொஞ்சம் ஏறியது. டைல்ஸில் ஒரு தரம் குறைத்துக்கொண்டோம்.

பாக்கி ஒன்று இருந்தது. புறவாசல் மூலையில் விறகும் பழைய பித்தளைப் பானையும் போட்டுவைத்திருக்கும் சின்ன அறை. அதுதான் அந்தக் காலத்து எடுப்புக் கக்கூஸ். முடுக்குப் பக்கத் தகரக் கதவு துருப்பிடித்து இன்றும் தொங்குகிறது. தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "இது நல்லதாப் போச்சு. லாரியைத் தெருமுனையில நிறுத்தி, முடுக்கு வழியா ஹோஸைக் கொண்டுவந்து இந்த ஓட்டையில விட்டுரலாம். வீட்டுக்குள்ள ஒரு சொட்டு படாது" என்றார். எனக்கும் சரியாகவே பட்டது.

என் மனைவி திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் சிறுமியாக இருந்தபோது அந்தக் கதவைத் தூக்க வந்த பெண், உள்ளே கால் தெரிந்தால் "பாப்பா, இருக்கியா?" என்று குரல் கொடுத்துவிட்டு வெளியே காத்து நிற்பாளாம். தீபாவளிக்குப் பலகாரத்தை அதே முடுக்கில் வைத்து, இவளைத்தான் கொடுத்துவிட்டு வரச் சொல்வார்களாம். கல்யாணமாகிப் புதுச்சேரி வரும் வரை தினமும் கேட்ட குரல். "அவங்க பேரு என்னன்னு எனக்குத் தெரியாதுங்க. நம்ம வீட்டுல யாரும் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல" என்று போன வாரம்தான் என்னிடம் சொன்னாள்.

இப்போது தம்பியிடம், "அந்த ஓட்டையைச் செங்கல் வச்சு அடைச்சிருங்க. குழாய் வாசல் வழியா வரட்டும்" என்றாள்.

"வாசல் வழியாவா அம்மா? நடுவீட்டுக்குள்ள, பூஜை ரூமைத் தாண்டியா?"

"நம்ம வீட்டுதுதான?"

தம்பி என்னைப் பார்த்தார். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். தெரு வாசலிலிருந்து முற்றம் வரை எழுபத்திரண்டு அடி. லாரிக்காரரிடம் அவ்வளவு நீளத்துக்கு ஹோஸ் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.