எகிப்தின் பெண்ணிலைவாதம்: இரு வழிகள், ஒரே கோரிக்கை

பெண்ணிலைவாதம் மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்ற குற்றச்சாட்டு நம் மத்தியில் அடிக்கடி எழுகிறது. இவ்வாறு சொல்வோர் எகிப்தின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. அந்நாடு நமக்கு அந்நியமானதல்ல. 1883 இல் நாடுகடத்தப்பட்டு இலங்கை வந்த ஒராபி பாஷா, அறிஞர் சித்திலெப்பையின் கல்விப் பணிக்குத் தோள் கொடுத்தவர்.

எகிப்தில் இவ்விவாதத்தைத் தொடக்கி வைத்தவர் காஸிம் அமீன் என்றே பலரும் எழுதுவர். பெண் விடுதலை பற்றிய அவரது நூல் வெளிவந்தது 1899 இல். ஆனால் ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1892 இல், ஹிந்த் நவ்பல் என்ற பெண் அலெக்சாந்திரியாவில் 'அல் பதாத்' எனும் பெண்கள் சஞ்சிகையைத் தொடங்கியிருந்தார்.

பின்னர் இரு வழிகள் உருவாயின. மார்க்கத்தின் உள்ளிருந்தே உரிமை கேட்ட வழிக்கு முன்னோடி மலக் ஹிப்னி நாஸிப் (1886-1918). ஆசிரியையான அவர் 'பாஹிஸத்துல் பாதியா' என்ற புனைபெயரில் எழுதினார். கணவருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்ததைத் திருமணத்தின் பின்னரே அறிந்தவர். முகத்திரையைக் களையும்படி ஆண்கள் கட்டளையிடுவதை அவர் ஏற்கவில்லை. முதலில் கல்வியைக் கொடுங்கள் என்றார். 1911 இல் எகிப்திய மாநாட்டுக்கு அவர் அனுப்பிய கோரிக்கைகளில், பெண்கள் பள்ளிவாசல் செல்லும் உரிமை, கல்வி, மருத்துவப் பயிற்சி, பலதார மணத்துக்கும் தலாக்குக்கும் கட்டுப்பாடு என்பன அடங்கியிருந்தன. அவற்றை அங்கு வாசித்தவர் ஓர் ஆண்.

மற்றைய வழி தாராண்மைவாத வழி. பதின்மூன்று வயதில், தன்னிலும் மிக மூத்த உறவினருக்கு மணமுடித்து வைக்கப்பட்ட ஹுதா ஷஃராவி, 1919 இல் பிரித்தானியருக்கெதிராகப் பெண்களைத் தெருவில் இறக்கினார். 1923 இல் எகிப்தியப் பெண்ணிலைவாத ஒன்றியத்தை நிறுவினார். அதே ஆண்டு ரோம் மாநாட்டிலிருந்து திரும்பி, கெய்ரோ ரயில் நிலையத்தில் முகத்திரையை நீக்கினார். உலகம் நினைவில் வைத்திருப்பது இதைத்தான். பெண்ணின் திருமண வயதை 16 ஆக்கிய சட்டமும் அதே 1923 இல்தான் வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். பலதார மணத்துக்கும் தலாக்குக்கும் கட்டுப்பாடு கேட்டதில் ஹுதாவும் மலக்கும் ஒரே அணியினரே. 1918 இல் மலக் மறைந்தபோது நினைவுக் கூட்டத்தில் உரையாற்றியவர்களுள் ஹுதாவும் ஒருவர்.

பிந்திய தலைமுறையில் கிளைகள் மேலும் பிரிந்தன. ஸைனப் அல் கஸ்ஸாலி 1936 இல் முஸ்லிம் பெண்கள் சங்கத்தை அமைத்தார். துரிய்யா ஷபீக் 1951 இல் பெண்களுடன் பாராளுமன்றத்துள் நுழைந்தார். வாக்குரிமை 1956 இல் கிடைத்தது. வர்க்கத்தையும் உடலையும் சேர்த்துப் பேசிய நவால் அல் சஃதாவி 1981 இல் சிறை சென்றார். மனைவி நீதிமன்றம் மூலம் குல்உ பெற வழிசெய்த சட்டம் வந்ததோ 2000 இல்.

நமது 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தை ஆராய 2009 இல் அமைக்கப்பட்ட குழு, தனது அறிக்கையைக் கையளிக்க 2018 ஆயிற்று. ஒன்பது ஆண்டுகளின் பின்னும் உறுப்பினர்கள் இரு கூறாகவே நின்றனர். திருமண வயதும் தலாக்கும் அங்கும் பேசுபொருளாயின. இக்கேள்விகளை எழுப்பும் நம் பெண்களை மேற்கின் கைப்பாவைகள் என்போர், 1911 இல் பள்ளிவாசல் கதவைத் தட்டிய மலக்கை எந்தப் பட்டியலில் சேர்ப்பர்?