மூக்கை அளந்தவர்களும் ஹனூர் வகுப்பறையும்

இந்தியப் பள்ளி மாணவர் இனவாதம் என்ற சொல்லைப் பெரும்பாலும் நாஜி ஜெர்மனி பற்றிய பாடத்தில்தான் முதலில் விரிவாகச் சந்திக்கின்றனர். பாடம் அவசியமானது; ஆனால் அதனோடு நின்றுவிட்டால் ஒரு தவறான எண்ணம் எஞ்சுகிறது. இனவாதம் தொலைவில் எவரோ செய்தது, தம் ஊருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மாணவர் முடிவு செய்துவிடுகின்றனர். ஹனூர் வட்டாரத்தின் வரலாறு அந்த முடிவை மறுக்கிறது.

ஹனூரை உள்ளடக்கிய பழைய கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவாரி மாநிலச் சீரமைப்பின்போது மைசூருக்குச் சென்றது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. கன்னடமும் தமிழும் அருகருகே வழங்கும் இப்பகுதியின் மலைகளில் சோளகர் வாழ்கின்றனர். ஒடெயர்பாளையத்தில் 1970களில் திபெத்திய அகதிகள் குடியமர்த்தப்பட்டனர். வீரப்பன் பிறந்த கோபிநத்தமும் இவ்வட்டத்தில்தான் இருக்கிறது. இத்தகைய ஊரில் அடையாள முத்திரைகளுக்குப் பஞ்சமில்லை: சோளகர் என்றால் காட்டுவாசி, திபெத்தியர் என்றால் சீனர், கோபிநத்தம் என்றால் வீரப்பன். மாணவர் இவற்றைப் பாடநூலிலிருந்து கற்பதில்லை. வகுப்பறைக்குள் வரும்போதே கொண்டுவருகின்றனர்.

இம்முத்திரைகளுள் சிலவற்றுக்கு ஒருகாலத்தில் அறிவியலின் பெயர் சூட்டப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885இல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், 1901இல் சென்னை மாகாண இனவரைவியல் ஆய்வுக்கும் தலைமை ஏற்றார். மக்களின் தலை, மூக்கு, உயரம் ஆகியவற்றைக் கருவிகளால் அளந்தார். மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது ‘மூக்குக் குறியெண்’. அந்த எண்ணைக் கொண்டு மக்களை வரிசைப்படுத்தலாம் என்பது அக்காலத்து நம்பிக்கை. கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ ஏழு தொகுதிகளில் சோளகருக்கும் தனிப்பதிவு உண்டு. கொள்ளேகால் அன்று சென்னை மாகாணத்தில் இருந்ததால், இம்மலைகளும் அவ்வாய்வின் எல்லைக்குள் அடங்கின.

அளவுகள் எண்களாக இருந்ததால் முடிவுகளும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை போலத் தோன்றின. சாதித் தகுதிக்கும் மூக்கின் ஒப்பீட்டு அகலத்துக்கும் தலைகீழ்த் தொடர்பு உண்டென்று ரிஸ்லி வாதிட்டார். அதே அளவுகளை மறுபரிசீலனை செய்த ஜி. எஸ். குர்யே, இந்துஸ்தானப் பகுதிக்கு வெளியே அந்த ஒழுங்கு நிற்கவில்லை என்று 1932இல் எடுத்துக்காட்டினார். அமெரிக்காவில் குடியேறியோரின் பிள்ளைகளை ஆராய்ந்த பிரான்ஸ் போவாஸ், மாறாதது எனக் கருதப்பட்ட தலை வடிவமே சூழலால் மாறுவதை ஏற்கெனவே காட்டியிருந்தார். மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள் தொகுதிக்குள்ளேயே காணப்படுகிறது என்று ரிச்சர்ட் லெவொன்டின் 1972இல் கணக்கிட்டார்.

அறிவியல் கைவிட்ட எண்ணத்தை ஆட்சி அவ்வளவு எளிதில் கைவிடவில்லை. பிறப்பினாலேயே ஒரு கூட்டத்தைக் குற்றவாளியாகக் கருதிய 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. நாடு முழுவதும் நீங்கியது 1952இல். ஆயினும் ஒரு கூட்டத்தையே ஐயுறும் பழக்கம் நீங்கவில்லை. வீரப்பனைத் தேடிய ஆண்டுகளில் இரு மாநில எல்லையோர மலைக் கிராமத்தினர் பலர், அவனுக்கு உதவியவர்கள் என்ற ஐயத்தின் பேரிலேயே அதிரடிப்படையின் கொடுமைக்கு ஆளாயினர். தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு அம்முறையீடுகளை விசாரித்தது; பாதிக்கப்பட்ட 89 பேருக்கு இழப்பீடு வழங்க ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவலின் களமும் இதுவே. முத்திரை வெறும் கேலிச்சொல் அல்ல என்பதற்கு இதைவிட அண்மைச் சான்று தேவையில்லை.

புகழ்ச்சியும் முத்திரையாகலாம். ‘சோளகர் இயற்கையின் குழந்தைகள்’ என்னும் தொடர், தலைமுறைகளாகக் கற்ற அறிவைப் பிறவிக் குணமாக மாற்றிவிடுகிறது. பருவமறிந்து தாழ்ந்த சருகுத்தீ இடுவது அவர்களது காட்டு மேலாண்மை முறை. அருகிலுள்ள பிலிகிரிரங்கன் மலையில் அது தடுக்கப்பட்ட பின் உண்ணிச்செடி பெருகியதைச் சோளகர் மட்டுமன்றி ஆய்வாளரும் சுட்டியுள்ளனர். 2011இல் அம்மலைச் சோளகர் பெற்ற சமூக வன உரிமை, அவர்களைக் காட்டின் காட்சிப்பொருளாக அன்றி அதன் உரிமையாளராக ஏற்றது.

ஆகவே நடுநிலைப் பள்ளியில் தொடங்கவேண்டியது நீதிபோதனை அல்ல, கேள்வி. இதை முதலில் யார் சொன்னார்? எத்தனை பேரைப் பார்த்துச் சொன்னார்? அதனால் யாருக்குப் பயன்? உயர்நிலைப் பள்ளியில் தர்ஸ்டனின் ஒரு பக்கத்தையும் குர்யேயின் மறுப்பையும் அருகருகே வைக்கலாம். சராசரியைக் காட்டி வீச்சை மறைப்பது எப்படி என்பதைக் கணித ஆசிரியரும் விளக்கலாம். மாணவரின் மூக்கை மட்டும் அளக்கக்கூடாது. வகுப்பிலுள்ள சோளகப் பிள்ளையையோ திபெத்தியப் பிள்ளையையோ எழுப்பி, ‘உங்கள் வழக்கத்தைச் சொல்’ என்பதும் பழைய அருங்காட்சியக முறையே. ஆராயப்படவேண்டியது அப்பிள்ளை அல்ல, அப்பிள்ளைமேல் ஒட்டப்பட்ட சொல்.

தமிழில் ‘இனம்’ என்பது உறவையும் வகையையும் மொழிக்கூட்டத்தையும் ஒருங்கே குறிக்கும். எந்தப் பொருளில் அச்சொல் ஆளப்படுகிறது என்று கேட்கக் கற்ற மாணவர், பிறர் கையிலுள்ள அளவுகோலையும் கேள்வி கேட்பர்.